உத்தேச ஒப்பந்தமும் அங்கத்தவர் வாக்கும்

தொழில் கொள்வோரும் தொழிற்சங்கமும் கூடிப் பேசிச் சம்பளம், வேலைநேரம், விடுமுறை முதலியவற்றை எழுத்தில் வரையறுத்துக்கொள்ளும் ஏற்பாடு கூட்டு ஒப்பந்தம் எனப்படும். தனியொரு தொழிலாளி முதலாளியின் முன் நின்று பேரம் பேசுமிடத்து அவனுக்குள்ள வலிமை மிகச் சிறிது. பலர் ஒன்றாகித் தம் பிரதிநிதிகள் வாயிலாகப் பேசுமிடத்து அவ்வலிமை பெருகுகின்றது. இஃது யாவரும் அறிந்ததே. ஆயின், பிரதிநிதிகள் பேசி முடித்தவுடன் ஒப்பந்தமும் முடிந்துவிடுகின்றதா, அன்றி எவர்பொருட்டு அவர்கள் பேசினரோ அவர்தம் சம்மதமும் பெறப்படல் வேண்டுமா என்னும் வினா அருமையாகவே எழுப்பப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் விமானமோட்டிகள் இவ்வினாவுக்கு ஒரு விடை கண்டுள்ளனர். கண்டியைச் சூழ்ந்த மலைகளிற் கொழுந்து பறிப்போரின் வரலாறோ வேறொரு விடையைக் காட்டுகின்றது. இரண்டையும் ஒப்புநோக்குதல் பயனுடைத்து.

ஐக்கிய அமெரிக்காவில் விமானமோட்டிகளின் பெருஞ்சங்கம் 1931ஆம் ஆண்டில் தோன்றியது. புகையிரத ஊழியர்பொருட்டு 1926இல் இயற்றப்பட்ட தொழிற்சட்டம் 1936இல் விமானப் போக்குவரத்துக்கும் விரிக்கப்பட்டது. அச்சட்டத்தின்கீழ் ஓர் ஒப்பந்தம் குறித்த நாளில் அற்றுப்போவதில்லை. புதியது வரும்வரை பழையதே நின்று நிலவும். வேலைநிறுத்தஞ் செய்வதாயின் தேசிய மத்தியஸ்த சபை முதலில் இரு சாராரையும் விடுவித்தல் வேண்டும். அதன்பின் 30 நாள் பொறுத்திருத்தலும் வேண்டும். ஆதலின் பேச்சுவார்த்தை ஆண்டுக்கணக்கில் நீளுதலும் உண்டு.

பேச்சுவார்த்தைக் குழுவினர் கம்பனியோடு ஓர் இணக்கத்துக்கு வந்ததும் அஃது ஒப்பந்தமாகிவிடுவதில்லை. உத்தேச ஒப்பந்தம் என்னும் பெயரையே பெறும். அதன் வாசகம் முழுவதும் எழுதப்பட்டு, விமானமோட்டிகள் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் சபையின்முன் முதலில் வைக்கப்படும். சபை ஏற்குமாயின் அங்கத்தவர் அனைவருக்கும் அவ்வாசகம் அனுப்பப்படும். குழுவினர் ஊர்தோறும் கூட்டங்கூட்டி வாசகத்தை விளக்கி, வினாக்களுக்கு விடையளிப்பர். அதன்பின்னரே வாக்கெடுப்பு நிகழும். பெரும்பான்மையோர் இசைந்தால் ஒப்பந்தம் உறுதிபெறும். மறுத்தால் குழுவினர் மீண்டும் மேசைக்குச் செல்லல் வேண்டும்.

இவ்வாக்கு வெறுஞ் சடங்கன்று என்பதற்கு யுனைட்டெட் விமானக் கம்பனியில் நிகழ்ந்தது தக்க சான்றாகும். 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எய்திய உத்தேச ஒப்பந்தம் ஏறக்குறைய 14½ சதவீதச் சம்பள உயர்வைத் தருவதாயிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் வாக்களித்தோருள் நூற்றுக்கு 94 பேர் அதனை நிராகரித்தனர். சங்கமும் கம்பனியும் மீண்டும் பேசின. நான்கு ஆண்டுகளில் 40 சதவீதம் வரை உயர்வளிக்கும் புதிய ஒப்பந்தம் பிறந்தது. அதனை 2023 செப்டெம்பரில் நூற்றுக்கு 82 பேர் ஏற்றனர். கொள்ளைநோய்க் காலத்துக்குப் பின் விமானமோட்டிகளுக்கு நிலவிய தட்டுப்பாடு அவர்களுக்குத் துணைநின்றது என்பதை மறத்தலாகாது. வாக்கு வலிமையைப் படைப்பதில்லை. உள்ள வலிமையை உள்ளபடி வெளிப்படுத்துவது மாத்திரமே அதன் தொழில்.

இங்கு ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. இவ்வாக்கெடுப்பை நாட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சங்கம் தனக்குத்தானே வகுத்துக்கொண்ட விதியே அதனை வேண்டுகின்றது.

இனி, கண்டிப் பிரதேசத்தை நோக்குதல் வேண்டும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் வணிகத்துக்கெனத் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரை, கண்டிக்கு அணித்தாயுள்ள ஹேவாஹெட்டைப் பகுதியிலே உள்ளது. தோட்டத்துரைமார் தமக்கெனச் சங்கம் அமைத்ததும் கண்டியிலேதான், ஆண்டு 1854. தொழிலாளருக்குச் சங்கம் வாய்க்கப் பல்லாண்டு கழிந்தது. 1940 ஜனவரி 10ஆம் நாள், அதே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். சங்கமாய்க் கூடுதற்குரிய உரிமை எத்துணை விலை கொடுத்துப் பெறப்பட்டது என்பதை அம்மலைகள் அறியும்.

இலங்கையின் 1950ஆம் ஆண்டு 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குச் சட்டம் கூட்டு ஒப்பந்தத்துக்குச் சட்டவலு அளித்தது. வர்த்தமானியில் வெளியான ஒப்பந்தம், கையொப்பமிட்டோரை மட்டுமன்றி, அதற்குட்பட்ட தொழிலாளர் ஒவ்வொருவரையும் பிணிக்கும். அதன் நிபந்தனைகள் அவரவர் வேலை உடன்படிக்கையின் பகுதியாகிவிடும். எனினும் கையொப்பத்தின்முன் தொழிலாளரின் வாக்கைப் பெறல் வேண்டும் என அச்சட்டம் விதிக்கவில்லை. 1992இல் அரச தோட்டங்களின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பின்னர், தொழிற்சங்கத் தலைவர்களும் முதலாளிமார் சம்மேளனமும் ஒப்பமிட்ட ஒப்பந்தங்கள் இவ்வாறே நடைமுறைக்கு வந்தன.

அவற்றின் எண்களைச் சற்றே நுணுகி ஆராய்தல் தகும். 2013ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி நாட்சம்பளம் 620 ரூபா: அடிப்படை 450, வரவுக்கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. அது 2015 மார்ச்சில் முடிவுற்றது. அடுத்த ஒப்பந்தம் 2016 ஒக்டோபரிலேயே கைச்சாத்தாயிற்று. நாட்சம்பளம் 730 ரூபா என அறிவிக்கப்பட்டது: அடிப்படை 500, வரவு 60, விலைப்பங்கு 30, உற்பத்திக் கொடுப்பனவு 140. கேட்போர்க்கு 110 ரூபா கூடியதாகவே தோன்றும். ஆயின், தவறாது வேலைக்கு வந்தும் குறித்த நிறைக் கொழுந்தை எட்டமுடியாத பெண்ணுக்கு உற்பத்திக் கொடுப்பனவு இல்லை. அவள் கணக்கு 590 ரூபாவே; முன்னையதினும் 30 ரூபா குறைவு.

2018இன் பிற்பகுதியில் அடிப்படைச் சம்பளம் 1000 ரூபா வேண்டுமெனப் போராட்டங்கள் எழுந்தன. 2019 ஜனவரியில் ஒப்பமிட்டபோது அடிப்படை 700, விலைப்பங்கு 50, ஆக 750 ரூபா ஆயிற்று. வரவுக்கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் நீக்கப்பட்டன. எல்லாக் கொடுப்பனவும் பெற்றுவந்தவளுக்கு 20 ரூபாவே மிச்சம். நிறையை எட்டாதவளுக்கோ 160 ரூபா ஆதாயம். அடிப்படைச் சம்பளத்தின்மீது கணிக்கப்படும் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் 75 ரூபாவிலிருந்து 105 ரூபாவாக உயர்ந்தமை இருவர்க்கும் நன்மையே. இவ்வொப்பந்தம் நல்லதோ தீயதோ என்னும் வினாவுக்கு ஒரே விடை இல்லை. அவரவர் நிலைக்கேற்ப விடை மாறுகின்றது. அவ்வாறு மாறுவதனாலேயே அவரவரைக் கேட்டல் வேண்டும். மழைநாளிலும் கொழுந்து அருகிய வறட்சியிலும் நிறை எவ்வளவு எட்டும், எந்நாளில் அரைப்பேர் விழும் என்பது கூடை சுமப்பவளுக்கன்றிக் கொழும்பு மேசையில் இருப்போர்க்குத் தெரியாது.

தலைவர்கள் தாமே முடிவெடுக்கும் வழக்கம் வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தாலும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத்தாலும் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாட்டில் வாக்குரிமை இழந்தனர். பேசுதற்கு வேறு வாயின்றி நின்றோர்க்குச் சங்கத் தலைவரே வாயாயினர். அந்நாளில் அஃது அரும்பணியே. ஆயின் 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களுக்குப் பின், அத்தொழிலாளர் பாராளுமன்றத்துக்கு உறுப்பினரைத் தெரியும் உரிமையை மீளப் பெற்றனர். நாட்டை ஆள்வோரைத் தெரியத் தகுதியுடையோர் தம் நாட்சம்பளத்தை ஏற்கவோ மறுக்கவோ தகுதியற்றவராதல் எங்ஙனம்?

வாக்கெடுப்பினால் தாமதம் நேரும், சங்கங்கள் பலவாதலின் குழப்பம் விளையும், வாசகம் கடினமானது என்பன இதற்கு எதிராகக் கூறப்படத்தக்க நியாயங்கள். 2015 முதல் 2016 வரை வாக்கெடுப்பு இன்றியே பதினெட்டு மாதம் கழிந்ததை நோக்கின், சில வாரத் தாமதம் பெரிதன்று. பல சங்கங்கள் சேர்ந்து ஒப்பமிடல் கூடுமாயின் சேர்ந்து வாக்கெடுத்தலும் கூடும். வாசகத்தை எளிய தமிழில் எழுதிக் காலைப் பிரட்டுக்களத்தில் விளக்குதலும் இயலாததன்று.

2021 மார்ச்சில் 1000 ரூபாவும், 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவும் சம்பள நிர்ணய சபையின் வழியே வர்த்தமானியில் விதிக்கப்பட்டன. இவ்வழியில் தொகை உயரலாம். தொழிலாளரின் கருத்தோ பின்னும் சேய்மைக்குச் செல்கின்றது. கூட்டு ஒப்பந்தம் மீண்டும் எழுதப்படுங் காலத்து, உத்தேச ஒப்பந்தம் என்னும் படியைச் சங்கங்கள் தம் விதிகளிற் சேர்ப்பின், அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. தலைவர்க்கும் அதனால் இழுக்கில்லை. தம் மக்களின் வாக்கைக் கையிற் கொண்டு மேசைக்குச் செல்பவரின் சொல்லே அங்கு எடுபடும்.