புளியோதரை இருக்கட்டும், டயரைப் பார்த்தீர்களா?

திண்டுக்கல்லிலிருந்து குடும்பத்தோடு கொடைக்கானலுக்குக் காரில் கிளம்புகிறவர்கள் புளியோதரை மூட்டையை மறப்பதில்லை. டயரைப் பார்க்கத்தான் மறந்துவிடுகிறார்கள்!

வத்தலக்குண்டு தாண்டிச் சிறிது தூரத்தில் மலைப்பாதை ஆரம்பம். ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில், மார்கழி, தை மாத விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி பூத்து வெள்ளை விரித்தாற்போலிருக்கும். பார்க்க அழகுதான், ஆனால் வெயில் படாத வளைவுகளில் சாலை வழுக்குமே!

மேல்நாட்டாரைப்போல் பனிக்காலத்துக்கென்று தனி டயர் நமக்கு வேண்டாம். இருக்கிற டயர் நல்லதாயிருந்தால் போதும். அதிலுள்ள பள்ளங்கள்தாம் ஈரத்தை ஒதுக்கித் தரையைப் பிடிக்கின்றன. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் காருக்கு அந்த டயர் ஆகாது என்பது சட்டம். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். ‘2324’ என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பழசானால், தேயாத டயரிலும் ரப்பர் இறுகிப் பிடிப்பு குறைந்துவிடும். காற்றைப் புறப்படுமுன், டயர் சூடேறாதபோதே பார்த்துவிட வேண்டும்.

மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிக் கைவிட்டுவிடும். மூடுபனியில் விளக்கைத் தாழ்த்துவதே நல்லது.

ஓட்டுகிறவர் அவசரப்பட்டால், “கொஞ்சம் மெதுவாய்ப் போகலாமே” என்று சொல்வது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் பொறுப்பு. சொல்லக் கூச்சப்படாதீர்கள்!