செந்துறைத் தண்ணீருக்கு எந்த மீன்?

சிக்லிட் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கூட அந்த மீனை மிளகாய் அரைத்து ஊற்றிக் குழம்பு வைத்திருப்பார். ஏரி வற்றும்போது வலையில் குவியும் ஜிலேபி, சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்தது. 1952இல் இந்தியாவுக்குள் வந்த மொசாம்பிக் ஜிலேபி, முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். குஞ்சு நீந்தத் தொடங்கிய பிறகும் ஆபத்து வந்தால் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிந்துகொள்ளும். இத்தனை பாதுகாப்போடு வளரும் மீன் ஒரு குளத்தில் நுழைந்தால் மற்ற மீன்கள் என்ன ஆகும் என்பதை நம் ஏரிகளைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். தொட்டி மீன் எதையும் குளத்தில் கொட்டக்கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதே குடும்பத்தில் விரல் நீளம் மட்டுமே வளரும் குட்டி இனங்களும் உண்டு. பத்து சென்டிமீட்டரைத் தாண்டாத இவற்றைக் குள்ளச் சிக்லிட் என்கிறார்கள். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் ஐம்பது லிட்டருக்குமேல் தண்ணீர் பிடிக்கும். ஒரு ஜோடி குடும்பம் நடத்த அது போதும். முட்டையிட்டுவிட்டுப் போய்விடாமல், தாயும் தகப்பனும் குஞ்சுகளை மேய்த்துக்கொண்டு திரிவதைப் பார்ப்பதற்காகவே பலர் இவற்றை வளர்க்கிறார்கள்.

கடைக்குப் போனால் கண்ணில் முதலில் படுவது ராம் என்கிற நீலப் பொடி தூவிய மீன், அல்லது அபிஸ்டோகிராமா. இரண்டும் தென் அமெரிக்காவின் மென்னீர் மீன்கள். அரியலூர்ப் பக்கத்துச் செந்துறையில் இவற்றை வாங்குவதற்கு முன் அடுப்படியில் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தைப் பார்க்கச் சொல்வேன். அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருக்கும். சுண்ணாம்புப் பாறையில் ஊறி வரும் ஆழ்துளைக் கிணற்று நீர் அப்படித்தான் இருக்கும்.

இந்த மண் ஒரு காலத்தில் கடல். அரியலூரைச் சுற்றியுள்ள பாறைகளில் கிளிஞ்சல் படிவங்கள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. செந்துறைப் பக்கத்து நின்னியூரின் பெயரையே ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கு வைத்திருக்கிறார்கள், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் டைனோசர்கள் மறைந்தனவே, அதற்குப் பிறகு படிந்த அடுக்கு அது. ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலை நிற்பதும், ஆனந்தவாடியில் சுரங்கம் தோண்டுவதும் இந்தச் சுண்ணாம்பை நம்பித்தான். அந்தத் தண்ணீரில் அபிஸ்டோகிராமா உயிரோடு இருக்கும், முட்டைகூட இடும்; ஆனால் முட்டைகள் பெரும்பாலும் பொரிக்காமல் பூஞ்சை பிடித்துப் போகும். மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ கலந்து சரிக்கட்டலாம். வாரா வாரம் அதைச் செய்ய எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? தண்ணீரை மாற்றுவதைவிட மீனை மாற்றிக்கொள்வது எளிது.

இப்படிச் சுண்ணாம்பு மிகுந்த கடின நீரில் இன்னொரு சங்கதியும் உண்டு. மீனின் கழிவில் வரும் அம்மோனியா, காரத்தன்மை கூடிய நீரிலும் வெப்பத்திலும் அதிக நஞ்சாகிறது. சித்திரை வெயிலில் செந்துறைத் தொட்டியில் இரண்டும் ஒன்றுசேரும். அதனால் புதுத் தொட்டியில் அன்றைக்கே மீன் விடக்கூடாது. ஸ்பாஞ்ச் ஃபில்டரில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேற நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும்.

இங்கே என் ஓட்டு கிரிபென்சிஸ் என்ற குள்ளச் சிக்லிட்டுக்கு. நைஜீரியா, கேமரூன் ஆறுகளின் மீன்; ஓரளவு கடின நீரையும் தாங்கும். பெண் உருண்டையாக, வயிறு நாவற்பழச் சிவப்பில் இருக்கும். ஆண் நீளமாக, வால் கூராக இருக்கும். கடைக்காரர் சேர்த்துக் கொடுக்கும் ஜோடியை நம்புவதைவிட, ஐந்தாறு குட்டிகளை வாங்கிவிட்டு அவையே ஜோடி சேரக் காத்திருப்பது நல்லது. வீடு கட்டித்தர ஒரு கொட்டாங்குச்சி போதும். நன்றாக வேகவைத்துச் சாயம் இறக்கி, விளிம்பில் ஒரு மீன் நுழையும் அளவு வெட்டிக் கவிழ்த்துவிட வேண்டும்.

இந்த இனத்தில் பெண் பார்க்கப் போவது பெண்தான். வயிற்றைக் காட்டி, உடலை வில்லாக வளைத்து நடுங்குவாள். பிறகு இரண்டும் கொட்டாங்குச்சிக்குள் மறையும். முட்டைகள் அதன் கூரையில் ஒட்டியிருக்கும். தாய் உள்ளே காவல், தகப்பன் வெளியே ரோந்து. இரண்டு மூன்று நாளில் பொரிக்கும், ஒரு வாரத்தில் குஞ்சுகள் மேகம்போல வெளியே வரும். முதல் ஈட்டு முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிட்டால் பதற வேண்டாம். இளம் ஜோடிகளிடம் இது சகஜம்.

குஞ்சுகளுக்கு இரை, ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்க் குட்டி இறால். அதன் முட்டைகளைக் கல்லுப்புக் கரைசலில் போட்டுக் காற்று ஓட்டினால் ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். மின்வெட்டு அடிக்கடி வரும் ஊரில் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

நம் நாட்டுச் சிக்லிட்டையும் சொல்ல வேண்டும். இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் ஆரஞ்சு குரோமைட், கேரளத்தில் பள்ளத்தி. கரிமீனுக்கு நெருங்கிய உறவு. எட்டு சென்டிமீட்டர்தான் வளரும், உவர்நீரும் நன்னீரும் சம்மதம். இதன் குஞ்சுகள் பெற்றோரின் உடலில் சுரக்கும் சளியைக் கொறித்துத் தின்பதை 1967இல் வார்டும் பார்லோவும் விவரித்தார்கள். பெரிய கரிமீன்களின் மேலிருக்கும் ஒட்டுண்ணிகளையும் இது பொறுக்கித் தின்னும் என்று வைமனும் வார்டும் 1972இல் எழுதினார்கள். கண்ணாடித் தொட்டியில் வேறு கண்டத்து மீனையே தேடும் நம் கடைகள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

கிரிபென்சிஸுக்கே திரும்பினால், ஒரு வேடிக்கை உண்டு. குஞ்சு ஆணா பெண்ணா என்பதில் தண்ணீருக்கும் பங்கு உண்டு. அமிலத்தன்மை கூடிய நீரில் ஆண்கள் மிகும் என்று ரூபின் 1985இல் காட்டினார். அப்படியானால் செந்துறை நீரில் பெண்கள்தான் மிகுந்து நிற்பார்கள். ஆண்கள் தேவைப்படுகிறவர் ஐப்பசி மழையை ஒரு டிரம்மில் பிடித்துவைத்து, குஞ்சுகளின் முதல் மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பார்க்கலாம்.