ஒஸ்ரின் காரின் ஆயுள்

வானொலி அலையால் ஓடும் பொம்மைக் காரை வாங்கிய சிறுவர், அதனுடன் வந்த பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றிவிட்டு, வேறொருவர் செய்து விற்கும் அலுமினியத் தட்டைப் பூட்டி மகிழ்கின்றனர். மேலைநாட்டிலும் யப்பானிலும் இஃது ஒரு பொழுதுபோக்கு. யாழ்ப்பாணத்தாருக்கோ இக்கலை புதிதன்று. ஆள் ஏறிச் செல்லும் காரிலேயே அவர்கள் இதனை நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கின்றனர். பொழுது போக்குவதற்காக அன்று, பிழைப்பதற்காக.

ஒஸ்ரின் என்ற பெயரை அறியாத வீடு குடாநாட்டில் அரிது. இங்கிலாந்திலே செய்யப்பட்ட இக்கார்களுள் டெவன் 1947இலும், சொமர்செற் 1952இலும், கேம்பிரிட்ஜ் 1954இலும் வெளிவந்தன. முன்னைய இரண்டும் தனியானதோர் இரும்புச் சட்டத்தின்மேல் உடலை ஏற்றிப் பூட்டியவை. அச்சட்டத்தையே பட்டறைக்காரர் 'செசி' என்பர். கேம்பிரிட்ஜுக்குத் தனிச் செசி இல்லை. அதற்குத் தோலும் தகடே, எலும்பும் தகடே. உப்புக்காற்று வீசும் நம் ஊரில் இவ்வேற்றுமை சிறிதன்று. சொமர்செற்றின் உடல் துருப்பிடித்தால் ஒட்டுப் போட்டு ஓடலாம். கேம்பிரிட்ஜின் அடித்தகடு உக்கினாலோ முதுகெலும்பே முறிந்ததாகும். எனவே உக்கிய பகுதியை வெட்டி நீக்கி, புதுத் தகட்டை அளவாக மடித்து வெல்டிங் செய்யும் கைத்திறன் இங்கே வளர்ந்தது.

1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் மூண்டபோது, பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்குள் வருவதை அரசு தடைசெய்தது. மின்சாரமும் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி மக்கள் ரேடியோ கேட்ட காலம் அது. அக்காலத்திலேதான் ஒஸ்ரின் தன் பெருமையைக் காட்டிற்று. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். டெவனின் எஞ்சின் கலவையை ஏறத்தாழ ஏழில் ஒரு பங்காகவே நெருக்குவது. இக்கால எஞ்சின்கள் பத்தில் ஒரு பங்காக நெருக்குவன. அவற்றில் மண்ணெண்ணெய் முறைதவறி வெடித்து உள்ளே இடிக்கும். பழையதன் பலவீனமே பழையதன் பேறாயிற்று. ஆயினும் அதற்கும் ஒரு விலை இருந்தது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். பிளக்கிலே கரி படியும். நோயுற்ற என் தாயாரை ஓர் இரவு ஆசுபத்திரிக்குச் சுமந்து சென்றதும் இத்தகையதொரு கார்தான். அந்தப் புகையின் நாற்றத்தை நான் இன்றுவரை வெறுத்ததில்லை.

பாதைகள் திறந்த பின்னர் யப்பானிய எஞ்சின்களைப் பழைய உடலிலே பொருத்தும் முயற்சிகள் பெருகின. இதுபற்றி முதிய பட்டறைக்காரர் ஒருவரிடம் வினவினேன்.

"எஞ்சினை மாத்திறது பெரிய வேலையில்லை, ஐயா. அதைத் தாங்கிற அடியை முதல்ல பாக்கோணும். பலத்தைக் கூட்டிப்போட்டு பிறேக்கை மறந்தால் ஆளைக் கொண்டுபோடும்" என்றார் அவர்.

எத்துணை ஆழமான சொல்! எஞ்சின் கனத்தால் முன்வில் அமிழும். கியர்ப்பெட்டி நீண்டதாயின், பின்சில்லுக்குச் செல்லும் சுழல்தண்டை வெட்டிக் குறுக்கி, நடுக்கமின்றிச் சமன்செய்தல் வேண்டும். நாற்பது குதிரைவலுவுக்கென அமைந்த பிறேக், அதனினும் மிக்க வேகத்தை அடக்காது. ஒன்றை உயர்த்தியவன் அதன் அயலிலுள்ள அனைத்தையும் உயர்த்தியாக வேண்டும். பொம்மைக் காருக்கும் இதுவே விதி.

எஞ்சின் யப்பானியது, அடித்தகடு உள்ளூர்ப் பட்டறையினது, ஆசனம் வேறொரு வண்டியினது. இதனை இன்னும் ஒஸ்ரின் என்று அழைக்கலாமோ எனச் சிலர் நகைப்பர். நம் கிடுகு வேலியை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பழைய கிடுகு அகன்று புதுக் கிடுகு ஏறுகிறது; பட்ட கதியாலின் இடத்தில் வேறு கதியால் நடப்படுகிறது. ஆயினும் வேலி பாட்டனார் அடைத்த வேலிதான், எல்லையும் அதுவே. பேணுகின்ற கை தொடர்ந்து வருமளவும் பொருளும் தொடர்ந்து வருகிறது.

என் கவலை காரைப் பற்றியதன்று, அந்தக் கையைப் பற்றியது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 வரை தனியார் கார்கள் வாராதிருந்தபோது, பழையதைப் பேணும் திறனின் அருமையை நாடு முழுவதும் மீண்டும் உணர்ந்தது. ஆனால் அத்திறன் ஏட்டில் ஏறவில்லை. எந்தத் தகட்டை எங்கே மடிப்பது, எவ்வளவு வெட்டுவது என்பன முதியோர் சிலரின் விரல்நுனியிலேயே உள்ளன. மருத்துவத்தையும் சோதிடத்தையும் செய்யுளாக எழுதி வைத்த நாடு இது. நம் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் நால்வர், அளவுகோலும் குறிப்பேடுமாக ஒரு விடுமுறையைப் பட்டறைகளிலே கழித்தாற் போதும். ஒஸ்ரின் என்றோ ஒருநாள் ஓய்வு பெறும். அதனை ஓட வைத்த அறிவு அதனோடு ஓய்ந்துவிடலாகாது.