சிறு வண்டியிற் பெரிய யந்திரம்

இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1963ஆம் ஆண்டில் 50 கன சென்ரிமீற்றர் யந்திரம் பூண்ட சிறிய வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. மணிக்கு 40 கிலோமீற்றரே அதற்கு விதிக்கப்பட்ட வேகம். 1968இல் வந்த 125 ப்ரிமவேராவோ 80 கிலோமீற்றரை எட்டவல்லது. இரண்டும் ஒரே குடும்பத்தன. ஆதலின், பெரியதன் யந்திரத்தைச் சிறியதிற் பூட்டும் ஆசை பலருக்கு எழுந்தது.

அவ்வேலை கடினமானதன்று. வெஸ்பாவில் யந்திரக்கூடே பின்சில்லைத் தாங்கும் கையாகவும் அமைந்துள்ளது. முன்னே ஒரு நீண்ட ஆணி, பின்னே அதிர்வுதாங்கியின் ஆணி. இவற்றோடு கம்பிகளையும் பெற்றோல் குழாயையும் கழற்றினால் யந்திரம் முழுவதும் சில்லோடு வெளிவந்துவிடும். ஈரடிப்பு யந்திரமாதலின் மசகெண்ணெய் பெற்றோலுடனேயே கலந்து செல்கிறது. தனி எண்ணெய்த் தொட்டியும் வேண்டுவதில்லை.

ஆனால், அபாயம் இங்கேதான் உள்ளது. பின் பிறேக்கு யந்திரத்தோடு மாறுகிறது. முன் பிறேக்கோ பழையதாகவே நின்றுவிடுகிறது. வேகம் இருமடங்கானால், நிறுத்தும்போது பிறேக்கு விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். 40க்கு அமைத்த சிறிய பிறேக்கு 80இல் என் செய்யும்? ஆதலின் முன் பிறேக்கையும், அதனைத் தாங்கும் முன் தண்டையும், வில்லையும் உடன் மாற்றுதல் வேண்டும். பதிவுப் பத்திரத்தையும் காப்புறுதியையும் திருத்திக்கொள்ளுதல் அவசியம். விபத்து நேர்ந்தால் யந்திர இலக்கம் உண்மையைச் சொல்லிவிடும்.

நேயர்களே, நிறுத்தும் வலுவை முதலில் தேடுங்கள். ஓடும் வலுவைப் பின்னர் தேடலாம்.