எந்த இரும்பு?

மாணவர்களே! சோடியம் குளோரைடின் வாய்பாட்டை எழுதச் சொன்னால் நீங்கள் தயங்கமாட்டீர்கள். சோடிய அயனிக்கு நேர்மின்னேற்றம் 1. குளோரைடு அயனிக்கு எதிர்மின்னேற்றம் 1. ஆகவே ஒன்றுக்கு ஒன்று. இரும்புக் குளோரைடை அவ்வாறு எழுதிவிட இயலாது. 'எந்த இரும்பு?' என்று முதலில் வினவுதல் வேண்டும்.

இரும்பு, செம்பு, மாங்கனீசு முதலிய இடைநிலைத் தனிமங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இணைதிறன் உடையவை. 2 எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு பெர்ரஸ் அயனி. 3 இழந்தது பெர்ரிக் அயனி. முன்னது 2 குளோரைடுகளோடும் பின்னது 3 குளோரைடுகளோடும் சேரும். ஆல்பிரட் ஸ்டாக் என்னும் ஜெர்மானிய வேதியியலறிஞர் 1919-இல் வேறொரு வழி காட்டினார்: உலோகத்தின் பெயரை அடுத்து மின்னேற்றத்தை எண்ணால் அடைப்புக்குறிக்குள் இடுதல். 'இரும்பு மூன்று குளோரைடு' என்னுமிடத்து, மூன்று என்பது மின்னேற்றமேயன்றி இரும்பின் எண்ணிக்கை அன்று. இவ்விடத்தில் இடறாத வகுப்பை நான் கண்டதில்லை.

நெறி ஒன்றே: நேர்மின்னேற்றமும் எதிர்மின்னேற்றமும் கூட்டுத்தொகையில் சமமாதல் வேண்டும். பெர்ரிக் ஆக்சைடில் 2 இரும்பு, 3 ஆக்சிஜன், இருபுறமும் 6. பெர்ரிக் சல்பேட்டிலும் அக்கணக்கே. ஆனால் சல்பேட்டுத் தொகுதியை அடைப்புக்குறிக்குள் எழுதி, 3 என்னும் எண்ணை வெளியே கீழே இடுக.

எண்களைக் குறுக்கே மாற்றியெழுதும் எளிய முறையை நீங்கள் அறிவீர்கள். செம்பு இரண்டு ஆக்சைடுக்கு அம்முறை 2 செம்பு, 2 ஆக்சிஜன் என்று தரும். அதனை ஒன்றுக்கு ஒன்று எனச் சுருக்குதல் வேண்டும். ஆக்சிஜனை மட்டும் சுருக்கிவிட்டாலோ கரிய தூள் போய்ச் செந்நிறக் குப்ரஸ் ஆக்சைடு வந்துவிடும்!

அம்முறையையே நம்பி நானும் ஒருமுறை தவறினேன். 1986-இல் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, காந்தக்கல்லின் வாய்பாட்டில் 3 இரும்பும் 4 ஆக்சிஜனும் உள்ளன. 8-ஐ 3-ஆல் வகுத்தால் முழு எண் வரவில்லையே?" என்றான். அச்சுப்பிழையாக இருக்கலாம் என்று சொல்லி அமர்த்திவிட்டேன். அச்சுக்கோப்பவர் என்ன பிழை செய்தார், பாவம்! அன்றிரவே உண்மை புலப்பட்டது. அந்த மூன்றில் ஒன்று பெர்ரஸ், இரண்டு பெர்ரிக். 2, 3, 3 கூட்டினால் 8. நான்கு ஆக்சிஜனுக்கும் 8.

மறுநாள் கரும்பலகையில் அக்கணக்கை எழுதி, தவறு என்னுடையது என்றேன். அவன் கேட்டான்: "இரண்டு வகை இரும்பும் ஒரே கல்லிலா, ஐயா?" ஆம், ஒரே கல்லில்தான். சேலத்துக் கஞ்சமலையின் இரும்புத்தாதுவில் இருப்பதும் அக்கல்லே.