திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போகவேண்டிய ஜீப்

நான்கு சக்கரங்களுக்கும் யந்திரத்தின் சக்தி பாயும் வண்டி ஒன்றை வாங்கியவருக்கு, வாங்கிய மாதமே அதைக் கழற்றி மாற்றிக் கட்டவேண்டும் என்ற ஆசை பிறப்பது இக்காலத்தில் சர்வசாதாரணமாகிவிட்டது. ராணுவத்தாரும் வனத்துறையினரும் எஸ்டேட்காரர்களும் ஓட்டும் சாதனம் என்று ஜனங்கள் நெடுங்காலம் எண்ணியிருந்த இந்த ஜாதி வண்டி, 2020 அக்டோபரில் புதிய மகிந்திரா தார் விற்பனைக்கு வந்து, 2023-இல் மாருதி ஜிம்னியும் அதைத் தொடர்ந்த பிறகு, அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளங்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் சகஜமாக நிற்கத் தொடங்கியிருக்கிறது. வாரம் முழுவதும் ஆபீஸுக்கும் கடைத்தெருவுக்கும் போய்வந்து, ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாறைத் தடத்திலும் சேற்றிலும் ஏறி இறங்கி, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மறுபடியும் ஆபீஸ் வாசலில் நிற்கவேண்டிய இப்படிப்பட்ட வண்டியை எந்த அளவுக்கு மாற்றலாம், எதை முதலில் மாற்றலாம், எதைத் தொடாமல் விடலாம் என்பதே இங்கே நாம் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம்.

போட்டிக்கென்றே கட்டப்படும் வண்டிகளை இந்த ஆராய்ச்சியில் சேர்க்க வேண்டியதில்லை. கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் ரெயின்ஃபாரஸ்ட் சாலஞ்ச் போன்ற பந்தயங்களில் இறங்கும் ஜிப்ஸிகளும் ஜீப்புகளும் லாரியில் ஏறிப் பந்தயத்துக்கு வந்து லாரியிலேயே திரும்பலாம். அவற்றில் பிரேக் பிடித்தால் வண்டி நேராக நிற்குமா, குழந்தை பின்சீட்டில் தூங்குமா என்ற கவலை யாருக்கும் கிடையாது. அந்த வண்டிகளின் படங்களைப் பார்த்துவிட்டுத் தம்முடைய வண்டியையும் அவ்வாறே ஆக்க முனைகிறவர்களே, பெரும் பணம் செலவழித்த பின்னர், சாலையிலும் சுகமில்லாத, மலையிலும் பிரமாதமாக ஏறாத ஒரு வாகனத்துக்குச் சொந்தக்காரர்களாகிறார்கள்.

தேனி மாவட்டத்தைச் சேர்ந்த கொழுக்குமலைக்கு மோட்டார் வண்டியில் போகவேண்டுமானால், கேரளத்துச் சூரியநெல்லிக்குப் போய் அங்கிருந்து ஜீப்பில்தான் ஏறவேண்டும். 7,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு விடியுமுன்னரே சூரியோதயம் பார்க்கிறவர்களை ஏற்றிச் செல்லும் வண்டிகள் பெரும்பாலும் பழைய மகிந்திரா ஜீப்புகள். லீஃப் ஸ்பிரிங்கும், குறுகலான டயரும், உள்ளே எதிரெதிராக இரண்டு பெஞ்சும் கொண்டவை. முகப்பில் ஆளுயர இரும்பு பம்பர் இல்லை, மேலே விளக்கு வரிசை இல்லை, கயிற்றைச் சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச் இல்லை. ஆயினும் முழங்கால் அளவு பெயர்ந்து கிடக்கும் கற்களின் மேல் முன்சக்கரத்தை மெதுவாக வைத்து, அது ஏறி அமர்ந்ததை உணர்ந்த பிறகே பின்சக்கரத்தைக் கொண்டுவரும் அந்த டிரைவர்கள், சக்கரம் சுழன்று மண்ணைப் பறிக்காதபடி, நடக்கிறவனைவிடச் சற்றே அதிகமான வேகத்தில் அன்றாடம் அங்கே போய்வருகிறார்கள். வண்டியை மாற்ற விரும்புகிற எவரும் ஒருமுறை அந்த ஜீப்பின் முன்சீட்டில் அமர்ந்து, டிரைவரின் கால்களைக் கவனித்துவிட்டு வந்து அதன்பிறகு கடைக்குப் போகலாம் என்பது என் அபிப்பிராயம்.

கடையில் முதலில் விற்கப்படுவது உயரம். ஆனால் தடத்தில் முதலில் பயன்படுவது காற்று. அதுவும், டயரிலிருந்து வெளியேற்றப்படும் காற்று. தார்ச்சாலையில் 32 பி.எஸ்.ஐ. காற்றுடன் ஓடும் டயரை மணலிலோ சேற்றிலோ 18-க்கு இறக்கினால், அது பக்கவாட்டில் விரிவதைவிட நீளவாட்டில் அதிகமாகப் படிந்து, பூமியைத் தொடும் பரப்பை வெகுவாகப் பெருக்கிக்கொள்கிறது. இறுகிய டயர் கல்லின் முனையில் வழுக்கும். தளர்ந்த டயர் கல்லைத் தழுவிக்கொள்ளும். உள்ளே இருப்பவர்களின் இடுப்பும் பிழைக்கும். இதற்கு ஆகும் செலவு, காற்றளக்கும் கருவி ஒன்றும், பேட்டரியில் நேரே கவ்விக்கொள்ளும் சிறு கம்ப்ரஸர் ஒன்றும் மட்டுமே. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் கம்ப்ரஸர் பெரிய டயருக்குப் போதாது. நான்கு டயர்களை நிரப்புவதற்குள் சூடேறிப் படுத்துவிடும். காற்றை மிகவும் குறைத்தால் திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் என்பதையும், குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் வேகம் பிடித்தால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கவேண்டும்.

காற்றுக்கு அடுத்தது டயரே. ஆல்-டெரெய்ன் என்ற வகை சாலைக்கும் மண்ணுக்கும் இடையே சமாதானம் செய்துகொண்டது. மட்-டெரெய்ன் என்ற வகை, கட்டை கட்டையான பற்களோடு சேற்றை வாரி எறிவதற்கென்றே பிறந்தது. பின்னதை மாட்டிக்கொண்டு தினமும் ஆபீஸுக்குப் போகிறவர் நாள் முழுவதும் அதன் இரைச்சலைக் கேட்பதோடு, மழை நனைத்த தார்ச்சாலையில் பிரேக் பிடித்தால் வண்டி வழக்கத்தைவிடத் தூரம் போய் நிற்பதையும் சகித்துக்கொள்ள வேண்டும். ஆகவே இந்த இரட்டை வாழ்க்கைக்கு ஆல்-டெரெய்னே தக்கது. அளவிலும் நிதானம் வேண்டும். தாரின் சில மாடல்களில் வரும் 245/75 ஆர்16 டயரின் விட்டம் 774 மில்லிமீட்டர். அதை எடுத்துவிட்டு 265/75 ஆர்16 போட்டால் விட்டம் 804 ஆகிறது. கூடிய 30 மில்லிமீட்டரில் பாதியே, அதாவது 15 மில்லிமீட்டரே, ஆக்ஸிலுக்கு அடியில் கிடைக்கும் லாபம். அந்த லாபத்துக்கு விலையாக, கணக்குப்படி ஸ்பீடாமீட்டர் 77 காட்டும்போது வண்டி 80-இல் ஓடிக்கொண்டிருக்கும்; ஒவ்வொரு கியரும் ஏறக்குறைய நான்கு சதவீதம் நீண்டதுபோலாகி மேட்டில் இழுவை குறையும்; கனமான டயரைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் உழைப்பு தேவைப்படும்; டீசல் செலவும் ஏறும்.

இனி, எல்லோரும் ஆவலோடு எதிர்பார்க்கும் லிஃப்ட் கிட்டுக்கு வருவோம். ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் நீளமானவையாக மாற்றி உடலை இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ தூக்கினால் வண்டி கம்பீரமாகத் தெரியும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஜிம்னியின் முன்னும் பின்னும், தாரின் பின்புறத்திலும் இருப்பது, இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே தண்டான ஆக்ஸில். அதன் நடுவே தொங்கும் டிஃபரென்ஷியல் உருண்டைதான் வண்டியின் அடிப்பாகத்திலேயே மிகவும் தாழ்வான இடங்களில் ஒன்று. நடுக்கல்லில் மோதுவதும் பெரும்பாலும் அதுவே. ஸ்பிரிங் எவ்வளவு நீண்டாலும் உடல்தான் உயருமேயன்றி, சக்கரத்தோடு பிணைந்த அந்த உருண்டை மயிரிழையளவும் உயராது. அதை உயர்த்தக்கூடியது பெரிய டயர் ஒன்றே. லிஃப்டினால் கிடைக்கும் உண்மையான நன்மை வேறு: மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்காத கோணமும், உச்சியைக் கடக்கும்போது வயிறு தட்டாத கோணமும், இறங்கும்போது வால் உரசாத கோணமும் கூடும். ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே தாருக்கு மூக்குக் கோணம் 41 பாகையும் அடியிடைவெளி 226 மில்லிமீட்டரும், ஜிம்னிக்கு முறையே 36 பாகையும் 210 மில்லிமீட்டரும் இருப்பதால், நம் ஊர்ப்பக்கத்து எஸ்டேட் பாதைகளில் போகிறவருக்கு அந்தக் கோணங்கள் போதாமற்போகும் சந்தர்ப்பங்கள் அபூர்வமே.

கூட்டிய உயரத்துக்குச் சாலை கேட்கும் கிரயமோ அன்றாடம் கொடுக்கவேண்டியது. வண்டியின் கனம் மேலே போவதால் திருப்பத்தில் சாய்வு அதிகமாகிறது. ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணம் குறைந்து, நெடுஞ்சாலையில் வண்டி இங்குமங்கும் அலைகிறது. தாரின் முன்புறத்தில் தனித்தனியே ஏறி இறங்கும் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் ஜாயின்ட்டுகள் அதிகமாக மடங்கி, சீக்கிரம் தேய்கின்றன. பிரேக் குழாய் நீளம் போதுமா என்று பார்க்கவேண்டும். ஹெட்லைட்டைத் தாழ்த்திச் சரிசெய்யாவிட்டால் எதிரே வருகிறவன் கண் கூசும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கோயிலுக்குப் போகப் புறப்பட்ட வீட்டுப் பெரியவர்கள், படிக்கட்டும் கழற்றப்பட்ட அந்த வண்டியில் ஏறமுடியாமல் ஆட்டோ கூப்பிடச் சொல்வார்கள். பழைய வண்டியின் ஸ்பிரிங் அமுங்கிப்போயிருந்தாலோ, நிரந்தரமாகக் கனத்த சாமான்களைச் சுமக்க நேர்ந்தாலோ, ஒன்று அல்லது ஒன்றரை அங்குலம் கூட்டுவதை நான் ஆட்சேபிக்கமாட்டேன்.

சக்கரம் ஆகாயத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகிறது என்பதும் தெரிந்துகொள்ளத்தக்கது. குறுக்கே வெட்டிய பள்ளத்தில் வண்டி சாய்வாக இறங்கும்போது முன்புறம் ஒரு சக்கரமும், எதிர்மூலையில் பின்புறம் ஒரு சக்கரமும் தரையை விட்டு எழும்பும். சாதாரண டிஃபரென்ஷியல் இரு பக்கத்துக்கும் ஒரே அளவு விசையையே பகிர்ந்து கொடுப்பதால், எதிர்ப்பே இல்லாமல் சுழலும் சக்கரம் எவ்வளவு சொற்பமான விசையை ஏற்கிறதோ, தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தச் சொற்பமே கிட்டுகிறது. நான்கு சக்கர இயக்கம் என்று பெயர் இருந்தும் வண்டி அசையாது. பழைய ஜிப்ஸியில் இது நித்திய சங்கடம். இப்போதைய வண்டிகளில், வீணாகச் சுழலும் சக்கரத்தின் பிரேக்கைத் தானே பிடித்து, விசையை மறுபக்கத்துக்குத் தள்ளும் மின்னணு ஏற்பாடு உண்டு. தாரின் சில மாடல்களில் பின் ஆக்ஸிலைத் தானாகவே பூட்டும் லாக்கரும் உண்டு. ஆனால் சக்கரம் சுழலத் தொடங்கியதும் பயந்து காலை எடுத்துவிடுகிறவருக்கு அந்த ஏற்பாடு உதவாது. ஆக்ஸிலேட்டரைச் சீராக ஓரிரு நொடி பிடித்திருந்தால்தான் அது விழித்துக்கொண்டு வேலை செய்யும். இந்தச் சூட்சுமத்தைக் கற்றபின் தனியாக லாக்கர் வாங்கும் எண்ணத்தைப் பலர் ஒத்திவைப்பார்கள்.

சிக்கிய வண்டியை வெளியே எடுக்கும் சாதனங்களில் சிக்கனம் ஆகாது. சேசிஸில் உறுதியாக முடுக்கப்பட்ட இழுவைக் கொக்கி முன்னும் பின்னும் இருக்கவேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் கயிற்றைக் கோத்து இழுப்பது உயிருக்கே அபாயம். அது முறிந்தால் பீரங்கிக் குண்டாகப் பாய்ந்து கண்ணாடியைத் துளைத்து உள்ளே வரும். நீண்டு சுருங்கும் நைலான் கயிறும், அதைக் கொக்கியில் கோக்கத் தக்க ஷாக்கிள் வளையங்களும், ஒரு மண்வெட்டியும், துணைக்கு இன்னொரு வண்டியும் இருந்தால் பெரும்பாலான சங்கடங்கள் தீரும். வின்ச் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் இரண்டு உண்மைகளை அறியவேண்டும். அதன்மேல் எழுதப்பட்டிருக்கும் இழுவைச் சக்தி, உருளையில் கயிற்றின் அடி அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கும்போது கிடைப்பதே. கயிறு சுற்றச் சுற்ற அது குறைந்துகொண்டே போகும். முழுப்பாரத்தில் அது 400 ஆம்பியர் வரை மின்சாரத்தைக் குடிப்பதால், என்ஜினை அணைத்துவிட்டு இழுத்தால் பேட்டரி சிறிது நேரத்தில் காலியாகிவிடும்.

ஸ்நார்க்கல் என்னும் புகைபோக்கி போன்ற குழாய், என்ஜின் மூச்சுவிடும் வாயைக் கூரைவரை உயர்த்துகிறது, வண்டியைப் படகாக்குவதில்லை. தண்ணீர் அமுங்காத பொருளாகையால், சிலிண்டருக்குள் அது புகுந்த கணமே கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் பாழாகும்; அதை மட்டுமே ஸ்நார்க்கல் தடுக்கும். கதவிடுக்கும், மின் இணைப்புகளும், ஆக்ஸிலின் மூச்சுக்குழாயும் நனைந்துகொண்டுதான் இருக்கும். முதலில் இறங்கி நடந்து ஆழம் பார்க்காத ஓடையில் வண்டியை இறக்கலாகாது.

இவ்வளவு சொன்னபின் சட்டத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களுக்கும் ஆர்.சி. புத்தகத்துக்கும் முரணாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. முகப்பில் பொருத்தும் இரும்புத் தடுப்புகளுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை சொல்லிவிட்டது. மோதலில் அவை பாதசாரியைக் கொல்வதோடு, ஏர்பேக் விரியவேண்டிய தருணத்தையும் குழப்பிவிடும். மாற்றங்களைத் தெரிவிக்காமல் மறைத்தவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி நஷ்டஈட்டை மறுக்கக்கூடும். ஆகவே அடிப்பாகத்தைக் கல்லிலிருந்து காக்கும் அடித்தகடு, இழுவைக் கொக்கி, கம்ப்ரஸர், நிர்ணயித்த அளவிலேயே நல்ல டயர் என்ற எல்லைக்குள் நிற்பவர், மலையிலும் சௌகரியமாக இருப்பார், செக்போஸ்டிலும் நிம்மதியாக இருப்பார். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது வேறொரு குற்றம் என்பதால், தடம் யாருக்குச் சொந்தம் என்று விசாரித்த பிறகே டயரில் காற்றைக் குறைக்கவேண்டும்.

தடத்திலிருந்து திரும்பியதும் தார்ச்சாலை தொடங்கும் இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டி நான்கு டயர்களுக்கும் காற்று நிரப்பிக்கொள்ள வேண்டும். மறுநாள் அடிப்பாகத்தில் ஒட்டிய சேற்றைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, ரிம்மின் உட்புறத்துச் சேற்றையும் சுரண்டி எடுக்கவேண்டும். அதை விட்டுவிட்டால் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும், வீல் பாலன்ஸ் கெட்டுவிட்டதென்று காரணம் தெரியாமல் கடை கடையாக ஏறி இறங்க நேரும். ஓடையில் இறங்கியிருந்தால், மெக்கானிக்கிடம் சொல்லி டிஃபரென்ஷியலின் அடிமறையைக் கழற்றிச் சிறிது ஆயிலை வெள்ளைத் துணியில் ஏந்திப் பார்க்கச் சொல்லலாம். ஆயில் தெளிவாக இருந்தால் மறையை முடுக்கிவிடலாம். கலங்கி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம், உடனே மாற்றிவிடவேண்டும். அடுத்த சர்வீஸ் வரும்வரை காத்திருக்கலாகாது.