ஹீமை உடைக்கும் நொதிகள்

1945ஆம் ஆண்டு நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஷெமின் என்ற உயிர்வேதியியலாளர் மூன்றே நாளில் 66 கிராம் கிளைசினை உட்கொண்டார். கிளைசின், அமினோ அமிலங்களில் மிகச் சிறியது. அவர் உட்கொண்டதில் நைட்ரஜன்-15 என்ற, கதிரியக்கமில்லாத கனமான நைட்ரஜன் செறிவூட்டப்பட்டிருந்தது. பிறகு தன் ரத்தத்தையே எடுத்து எடுத்துச் சோதித்தார். கனமான நைட்ரஜன், ரத்தத்துக்குச் சிவப்பு தரும் ஹீமில் வந்து சேர்ந்து, மாதக்கணக்கில் அங்கேயே தங்கி, அதன் பிறகே குறைந்தது. ஹீமின் நைட்ரஜன் கிளைசினிலிருந்து வருகிறது என்பதும், சிவப்பணுவின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 127 நாள் என்பதும் இந்த ஒரே சோதனையில் தெரிந்தன.

நான்கு சிறு வளையங்கள் இணைந்த பெரிய வளையம், நடுவில் ஓர் இரும்பு அணு: இதுதான் ஹீம். இதைக் கட்ட எட்டு நொதிகள் வரிசையாக வேலை செய்கின்றன. நொதி என்பது ஒரு குறிப்பிட்ட வேதிவினையை வேகப்படுத்தும் புரதம். வினை முடிந்தபின் தான் மாறாமல் அடுத்த மூலக்கூறுக்குப் போய்விடும். எட்டில் கடைசி நொதி இரும்பைப் பொருத்துகிறது. ஈயம் உடலில் சேர்ந்தால் இந்த நொதியும், வரிசையில் இரண்டாவது நொதியும் முடங்கும்.

கட்டுவதைவிட உடைப்பதில் உடல் காட்டும் கவனம்தான் என்னை அசர வைக்கிறது. புரதத்தின் பிடியிலிருந்து நழுவிய ஹீம் ஆபத்தானது; அதன் இரும்பு செல் சவ்வுகளைச் சிதைக்கும் வினைகளைத் தூண்டும். அதனால் மண்ணீரலிலும் கல்லீரலிலும், மூப்படைந்த சிவப்பணுக்களை விழுங்கும் செல்களுக்குள்ளேயே அதை உடைக்கும் வேலை நடக்கிறது. ஹீம் ஆக்சிஜனேஸ் என்ற நொதி வளையத்தை ஓரிடத்தில் வெட்டுகிறது. மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று இரும்பு: நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இப்படி மீட்கப்பட்டுப் புதிய ரத்தத்துக்குப் போகிறது. உணவிலிருந்து நாம் உறிஞ்சுவது 1, 2 மில்லிகிராம்தான். இரண்டாவது கார்பன் மோனாக்சைடு. மூடிய அறையில் ஆளைக் கொல்லும் அதே வாயு, மிகச் சிறிய அளவில் நம் உடலிலேயே உண்டாகி மூச்சோடு வெளியேறுகிறது. மூன்றாவது, பிலிவெர்டின் என்ற பச்சை நிறமி.

பிலிவெர்டினை இன்னொரு நொதி மஞ்சள் நிறப் பிலிருபினாக மாற்றுகிறது. அடிபட்ட இடத்தில் ரத்தக்கட்டு முதலில் கருநீலமாகவும் பிறகு பச்சையாகவும் மஞ்சளாகவும் மாறுவது இதனால்தான். பறவைகளின் பித்தத்தில் பெரும்பாலும் பிலிவெர்டினே இருக்கிறது. மைனா முட்டையின் நீலப்பச்சையும் அதன் நிறம்தான். எளிதில் நீரில் கரையும் பச்சைப் பொருளை, பாலூட்டிகள் ஏன் ஆற்றல் செலவழித்து, கரையாத மஞ்சளாக்குகின்றன? கருவிலிருக்கும் சிசுவின் பிலிருபின் நச்சுக்கொடி வழியாகத் தாயின் ரத்தத்துக்கு எளிதில் கடந்துவிடும் என்பது ஒரு விளக்கம். எனக்கு அது ஏற்புடையதாகவே படுகிறது.

பிறந்ததும் அந்த வழி அடைபடுகிறது. இனிக் குழந்தையின் கல்லீரலே பிலிருபினோடு ஒரு சர்க்கரை அமிலத்தைச் சேர்த்து, நீரில் கரைய வைத்துப் பித்தத்தில் வெளியேற்ற வேண்டும். அதற்கான நொதி முதல் நாட்களில் மிகக் குறைவு. பச்சிளங்குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை பரவலாக வருவதற்கு இது முக்கியக் காரணம். பெரும்பாலும் தானே தணிந்துவிடும். பிலிருபின் மிகவும் ஏறினால் மூளையைப் பாதிக்கும்.

1956இல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளை வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்த ஜீன் வார்டு என்ற செவிலியர், வெளிச்சம் பட்ட தோலில் மஞ்சள் குறைந்திருப்பதைக் கவனித்து மருத்துவர்களிடம் காட்டினார். 1958இல் அங்கிருந்த ரிச்சர்ட் கிரெமரும் சகாக்களும் விளக்கொளிச் சிகிச்சையை வெளியிட்டார்கள். பிலிருபின் தன் நீர்விரும்பும் பகுதிகளை உள்ளே மடித்து வைத்திருக்கும். நீல ஒளி அதை முறுக்கி அந்தப் பகுதிகளை வெளியே காட்டுகிறது. கல்லீரல் நொதியின் உதவியில்லாமலே அது பித்தத்தில் வெளியேறுகிறது.

காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டில் சொல்வதற்கு இப்படியொரு அடிப்படை இருக்கிறது. ஆனால் வெயிலின் அளவை நிர்ணயிக்க முடியாது, குழந்தையின் உடல் சூடேறலாம். பிறந்து 24 மணி நேரத்துக்குள்ளேயே மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, வெயிலை நம்பிக் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போய் பிலிருபின் அளவைப் பார்க்க வேண்டும்.